ஆய்வேட்டுக்கு எந்தக் கோட்பாடு: துர்கைமா, மார்க்ஸா, வெபரா, கோஃப்மனா?

சமூகவியலில் ஆய்வேடு எழுதப் போகிறவரிடம் கைடு கேட்கிற முதல் கேள்வி, "உங்கள் கோட்பாட்டுச் சட்டகம் என்ன?" என்பதுதான். பலரும் அந்த வாரம் யாரைப் படித்தார்களோ அவர் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். இல்லையென்றால் மனசுக்குப் பிடித்தவரைச் சொல்கிறார்கள். அரசியல் ஆர்வம் இருந்தால் மார்க்ஸ், ஆட்களோடு உட்கார்ந்து பேசப் பிடிக்குமென்றால் குறியீட்டு ஊடாட்டம் (மனிதர்கள் பழகும்போது அர்த்தம் எப்படி உருவாகிறது என்று பார்ப்பது), யாரிடமும் வம்பு வேண்டாம் என்றால் செயல்பாட்டுவாதம் (சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுமைக்கு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது). அப்புறம் இரண்டாம் அத்தியாயத்தில் அவரைப் பற்றி முப்பது பக்கம் எழுதிவிட்டு, மூன்றாம் அத்தியாயத்திலிருந்து அவரைச் சுத்தமாக மறந்து, சதவீத அட்டவணைகளாகப் போட்டு முடித்துவிடுவார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

நீங்கள் களத்தில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும், எது கிடைத்தால் உங்கள் வாதம் உடைந்துபோகும் என்பதையெல்லாம் முடிவு செய்வது கோட்பாடுதான். அதனால் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியதும் அதைத்தான். இதைக் காட்ட ஒரே கேள்வியை எல்லோரிடமும் கொண்டுபோகிறேன்: ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏன் படிப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டுப் பெற்றோர் செய்த மாதிரி வேலைக்கே போய்ச் சேருகிறார்கள்? இந்தக் கேள்வியை எடுத்ததற்குக் காரணம், எல்லா அணியினரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதால் ஒப்பிடுவது எளிது.

முதலில் சிலரைத் தள்ளி வைத்துவிடலாம். 'சமூகவியல்' என்ற பெயரை 1830களின் இறுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆகஸ்ட் காம்ட். மனித அறிவு இறையியல், மீபொருளியல், நேர்க்காட்சி (கண்டு சோதிக்கக்கூடியதை மட்டும் ஏற்பது) என்று மூன்று கட்டங்களாக வளர்கிறது என்றார். வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு, ஆனால் இன்றைக்கு அதை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தையும் ஆராய முடியாது. ஹெர்பர்ட் ஸ்பென்சரும் அப்படித்தான், சமூகத்தை வளரும் உயிரியாகப் பார்த்த அவர் வழியில் போனால் இருக்கிற ஏற்றத்தாழ்வை எல்லாம் இயற்கை என்று சொல்லி முடிக்க வேண்டியிருக்கும். ஹாரியட் மார்ட்டினோவை மட்டும் அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. காம்ட்டின் பெரிய தொகுதிகளை 1853இல் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சமூகத்தை எப்படிக் கவனிப்பது என்று தனியாக ஒரு நூல் எழுதியவர் அவர். களப்பணி முறை பற்றிய அத்தியாயத்தில் அவருக்கு இடம் கொடுங்கள்.

இன்னொன்று, 'செயல்பாடு, முரண்பாடு, ஊடாட்டம்' என்று பாடப்புத்தகம் மூன்று கட்டம் போட்டுக் காட்டுகிறதே, அது பின்னால் வந்தவர்கள் போட்ட கட்டம். மார்க்ஸ் தன்னைச் சமூகவியலாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை. துர்கைமும் வெபரும் ஒரே காலத்தில் வாழ்ந்து, மதத்தைப் பற்றி இருவருமே விரிவாக எழுதியும், ஒருவர் மற்றவரைக் கண்டுகொள்ளவே இல்லை எனலாம். அதனால் கட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் ஆளைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் அவர் செய்த ஓர் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள்.

துர்கைமில் தொடங்குகிறேன். 1897இல் வந்த அவருடைய தற்கொலை ஆய்வைக் கோட்பாடு என்று நினைத்துப் படிக்காமல் ஒருவர் எப்படி வேலை செய்தார் என்று பார்க்கப் படித்தால் அதன் அழகு தெரியும். ஒரு மனிதர் உயிரை விடுவதைவிடத் தனிப்பட்ட விஷயம் வேறு இருக்க முடியாது என்று எல்லோரும் நினைக்கிறோம். அவர் சொல்கிறார், ஒவ்வொரு ஆண்டும் இறப்பவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் ஒரு நாட்டின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, நாட்டுக்கு நாடு மட்டும் நிலையாக வேறுபடுகிறது, அப்படியென்றால் அந்த விகிதம் தனிமனிதர்களைப் பற்றிச் சொல்லவில்லை, அவர்கள் வாழும் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. அவருடைய சகோதரி மகன் மார்செல் மோஸ் சுமார் 26,000 பேரின் பதிவுகளை வயது, பால், திருமணம், பிள்ளைகள் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். கணினி இல்லாத காலம் அது. கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டண்டுகளிடம் விகிதம் அதிகம், குடும்பம் குழந்தை என்று இருப்பவர்களிடம் குறைவு, பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்ல, திடீரென்று செழிக்கும்போதும் அதிகம் என்றெல்லாம் கண்டார். கடைசியாகச் சொன்னது முக்கியம். வறுமைதான் காரணம் என்றால் செழிப்பில் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்பதிலிருந்துதான், ஆசைக்கு எல்லை போடும் நெறிகள் தளர்ந்துபோவதே காரணம் என்ற 'நெறியின்மை' கருத்துக்கு அவர் வந்து சேர்ந்தார்.

துர்கைமை எடுத்தால் உங்களுக்கு வேண்டியது விகிதங்கள். ஒரே ஒரு பள்ளி போதாது, பல பள்ளிகள் வேண்டும், பல ஆண்டுகளின் பதிவேடுகள் வேண்டும், இடைநிற்றல் எங்கே நிலையாக அதிகம், எங்கே குறைவு, அந்த இடங்களில் மக்களுக்குள் இருக்கும் பிணைப்பு எப்படி வேறுபடுகிறது என்று ஒப்பிட வேண்டும். பதினைந்து பேரிடம் நேர்காணல் எடுத்துவிட்டுத் துர்கைம் பெயரைப் போடுவது பொருந்தாது. பதிவேடு கிடைக்கும், எண்களோடு பழகத் தயங்க மாட்டேன் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

துர்கைமை அடியொற்றி வந்த அமெரிக்கச் செயல்பாட்டுவாதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். டால்கட் பார்சன்ஸ் 1959இல் பள்ளி வகுப்பறையைப் பற்றி எழுதினார்: வீட்டில் நீங்கள் யார் பிள்ளை என்பதால் மதிப்பு, பள்ளியில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல், இப்படிப் பழக்கித்தான் பள்ளி பிள்ளைகளைத் தரம் பிரித்து வேலைகளுக்கு அனுப்புகிறது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் கேள்வியே, அந்த ஒரே அளவுகோல் ஏன் ஒரே மாதிரியான வீட்டுப் பிள்ளைகளை மட்டும் கீழே தள்ளுகிறது என்பது. அதற்கு முன்பே 1945இல் டேவிஸும் மூரும், முக்கியமான பணிகளுக்குத் திறமையானவர்களை இழுக்க அதிகப் பலன் தரத்தான் வேண்டும், ஏற்றத்தாழ்வு அதற்காகத்தான் இருக்கிறது என்றார்கள். மெல்வின் டூமின் 1953இல் அதற்குச் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் போதுமானதாகத் தெரிகிறது: மேலே இருப்பவர்களே பயிற்சிக்கான வாசலையும் கையில் வைத்திருக்கும்போது, கீழே எவ்வளவு திறமை இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

செயல்பாட்டுவாதத்துக்குள் இருந்தும் நமக்கு உதவுகிற ஒருவர் ராபர்ட் மெர்ட்டன். ஓர் ஏற்பாடு 'யாருக்கு' பயன்படுகிறது, யாருக்குக் கெடுதல் செய்கிறது என்று கேட்கச் சொன்னவர் அவர். 1938இல் எழுதிய ஒரு கட்டுரையில், சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது, ஆனால் அதை அடையும் வழியை எல்லோருக்கும் கொடுப்பதில்லை, அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படி எப்படிப் போகிறார்கள் என்று பிரித்துக் காட்டினார். முதுகலை அளவிலான ஆய்வேட்டுக்கு இது கச்சிதமான அளவு. முழுச் சமூகத்தையும் விளக்க வேண்டிய சுமை உங்கள் மேல் விழாது.

சரி, மார்க்ஸ். இவரை எடுப்பவர்கள் அதிகம், சரியாகப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. காரணம், இவரை எடுக்கும்போதே பலர் முடிவையும் எடுத்துவிடுகிறார்கள். பள்ளி முதலாளித்துவத்துக்கு உழைப்பாளிகளைத் தயார் செய்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதியாயிற்று, பிறகு களத்தில் என்ன பார்த்தாலும் அதற்கே சான்று. ஆசிரியர் கண்டிப்பாக இருந்தால் அடக்குமுறை, அன்பாக இருந்தால் ஏமாற்று. எதைப் பார்த்தாலும் சரியாகிவிடும் வாதத்தால் ஆய்வுக்குப் பயனில்லை.

மார்க்ஸே அப்படி வேலை செய்யவில்லை. 1867இல் வந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் தொழிற்சாலை ஆய்வாளர்கள் அரசுக்குக் கொடுத்த அறிக்கைகளை வரிவரியாக எடுத்து, சாப்பாட்டு இடைவேளையிலிருந்து எத்தனை நிமிடம் திருடப்படுகிறது, சிறுவர்கள் இரவுப் பணியில் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று காட்டுகிறார். 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காகச் சுமார் நூறு கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலையே தயாரித்தார், வேலை நேரம், கூலி, இயந்திரங்களில் பாதுகாப்பு, விபத்து என்று ஒன்றுவிடாமல். பதில்கள் மிகக் குறைவாகத்தான் வந்தன. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டியது.

பள்ளியில் இந்த வழியில் நன்றாகச் செய்யப்பட்டது பவுல்ஸ், கின்டிஸ் இருவரின் 1976ஆம் ஆண்டு ஆய்வு. பள்ளிக்குள் இருக்கும் மேல்-கீழ் ஒழுங்கும் வேலையிடத்தின் மேல்-கீழ் ஒழுங்கும் ஒத்துப்போகின்றன என்பது வாதம். அதை அவர்கள் வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை. எந்தக் குணங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கிறது என்று பார்த்து, பொறுமையாகச் சொன்னதைச் செய்வதற்குப் பரிசும் சுயமாக யோசிப்பதற்கு இழப்பும் இருப்பதாகக் காட்டினார்கள். அதை மறுக்க முடியும், மறுத்தும் இருக்கிறார்கள். நீங்களும் அந்த மாதிரி ஓர் இணைப்பைத் தொட்டுக்காட்ட முடிந்தால் மார்க்ஸை எடுங்கள்: யார் பணம் போடுகிறார்கள், பாடத்திட்டத்தை யார் முடிவு செய்கிறார்கள், படித்து வெளியே வருபவரை எந்தத் தொழில் எந்தக் கூலிக்கு எடுத்துக்கொள்கிறது. பள்ளியோடு நின்றுவிடாமல் தொழிற்சாலை வாசலுக்கும் போக வேண்டியிருக்கும். அந்த அனுமதி கிடைக்குமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது என்று உண்மையிலேயே தெரியாமல் நிற்பவருக்கு என் பதில் மாக்ஸ் வெபர். இதைச் சொன்னால் அவரைப் படிக்கவே முடியவில்லை என்பார்கள், அது உண்மைதான், வாக்கியங்கள் நீளம், அதோடு 'பொருளாதாரமும் சமூகமும்' அவர் முடித்த நூலே இல்லை, 1920இல் நிமோனியாவில் இறந்தபோது விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்து அவர் மனைவி மரியான் வெளிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆய்வு செய்பவருக்கு அவர் கொடுப்பது அதிகம்.

முதலாவது, வர்க்கம், அந்தஸ்து, கட்சி என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தது. ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வசதியிலிருந்து நொடித்துப்போன குடும்பம், கடன் வாங்கியாவது பிள்ளையைப் படிக்க வைக்கிறது. மற்றொன்றில் தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில், பதினாறு வயதில் வேலைக்குப் போவதுதான் அங்கே கௌரவம். வருமானத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வரிசையில் விழும். எண் ஒன்றாக இருந்து முடிவு வேறாக வந்தால் அது வெபரின் இடம்.

இரண்டாவது, சான்றிதழைப் பற்றி அவர் சொன்னது. அலுவலக ஆட்சிமுறை, அதாவது விதிகளும் கோப்புகளும் படிநிலையும் கொண்ட நிர்வாகம், வளர வளர, பட்டமும் தேர்வுச் சான்றிதழும் அறிவை வளர்ப்பதைவிட நல்ல பதவிகளுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வேலையைத்தான் அதிகம் செய்கின்றன என்று நூறு ஆண்டுக்கு முன்பே எழுதினார். படிப்பை விட்ட பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வாளரை இது திருப்பி, வேலை கொடுப்பவர் அந்தச் சான்றிதழை ஏன் கேட்கிறார் என்று பார்க்க வைக்கிறது. அந்த வேலையை அது இல்லாமலே செய்ய முடியுமா? முன்பு செய்தார்களா? எப்போதிலிருந்து கேட்கிறார்கள்? இவை எல்லாமே தேடிப் பதில் காணக்கூடிய கேள்விகள்.

மூன்றாவது, எண்ணையும் அர்த்தத்தையும் சேர்த்துக்கொண்டு போகும் முறை. 1904–05இல் எழுதிய புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய ஆய்வை அவர் தொழில், கல்விப் புள்ளிவிவரங்களோடு தொடங்கினார், ஆனால் அங்கேயே நிற்கவில்லை, அந்த மக்கள் தங்கள் உழைப்பைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று மதபோதகர்களின் எழுத்துக்குள் போனார். அவர் தொடங்கிய புள்ளிவிவரங்களிலேயே பிழை இருந்ததாகப் பின்னால் காட்டினார்கள், முழு வாதத்தையும் ஏற்காதவர்கள் நிறையப் பேர். அதனால் முறையின் மதிப்பு குறைந்துவிடவில்லை. பதிவேடு கொஞ்சம், நேர்காணல் கொஞ்சம் என்று கலந்து வைத்திருக்கும் மாணவருக்கு, இரண்டையும் ஏன் வைத்திருக்கிறோம் என்று சொல்ல இவரிடம்தான் நேரான காரணம் கிடைக்கும்.

குறியீட்டு ஊடாட்டம் எளிது என்று எடுப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடின் முக்கிய நூல் அவர் இறந்த பிறகு 1934இல் பெரும்பாலும் மாணவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டது. அவர் மாணவர் ஹெர்பர்ட் புளூமர்தான் 1937இல் இந்தப் பெயரை வைத்தார். மனிதர்கள் ஒரு பொருளுக்கு என்ன அர்த்தம் கொடுக்கிறார்களோ அதை வைத்துத்தான் அதோடு நடந்துகொள்கிறார்கள், அந்த அர்த்தம் ஒருவரோடு ஒருவர் பழகுவதில் உருவாகிறது என்பது அடிப்படை. சொல்ல ரொம்பச் சுலபம். செய்து காட்டுவதற்கு எர்விங் கோஃப்மன் 1955–56இல் வாஷிங்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்த ஒரு மனநல மருத்துவமனையில் உடற்பயிற்சிப் பிரிவில் உதவியாளராக ஓராண்டு இருந்தார். வார்டு வாழ்க்கை நோயாளியின் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று அருகில் இருந்து பார்க்க அத்தனை காலம் வேண்டியிருந்தது.

நம் பள்ளிக் கேள்வியில் ஹோவர்ட் பெக்கரின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பாருங்கள். சிகாகோவில் 60 ஆசிரியர்களிடம் பேசினார். ஒவ்வொருவர் மனதிலும் 'நல்ல மாணவர்' என்று ஒரு படம் இருந்தது, அந்தப் படம் நடுத்தர வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தியது, ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை, அதைப் பொறுத்துக் கற்பிக்கும் விதமும் எதிர்பார்ப்பும் மாறின. பிள்ளைகளுக்கு என்ன குறை என்று போகாமல் ஆசிரியரின் பக்கம் திரும்பியது பெரிய விஷயம். இந்தப் பார்வை வேறு எதாலும் கிடைக்காது.

இந்த அணியின் பலம் இன்னும் தெளிவாகத் தெரிய, துர்கைமின் அட்டவணைகளுக்கே திரும்பிப் போகலாம். ஜாக் டக்ளஸ் 1967இல் கேட்டார்: ஒரு மரணத்தைத் தற்கொலை என்று எழுதுவது யார்? ஓர் அதிகாரி. எதை வைத்து? குடும்பத்தார் சொல்வதை, கிடைத்த தடயங்களை, இப்படிப்பட்டவர்கள் இப்படிச் செய்வார்கள் என்ற தன் எண்ணத்தை வைத்து. நெருக்கமான குடும்பமும் மதக் கண்டிப்பும் உள்ள இடத்தில் அதை மறைக்க முயலும் ஆட்களும் அதிகம். அப்படியானால் துர்கைம் கண்ட வேறுபாட்டில் ஒரு பகுதி, பதிவு செய்யும் முறையின் வேறுபாடாகவே இருக்கலாம். உங்கள் பள்ளிப் பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று எழுதியிருப்பதையும் இப்படியே கேளுங்கள். எத்தனை நாள் வராவிட்டால் அப்படி எழுதுகிறார்கள், எழுதாமல் பெயரை வைத்திருப்பதால் பள்ளிக்கு ஏதாவது லாபம் உண்டா? துர்கைமை எடுத்தவரும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இதன் பலவீனம், வகுப்பறைக்குள் நடப்பதைத் துல்லியமாகக் காட்டிவிட்டு, ஏன் எல்லா ஊரிலும் ஒரே திசையில் நடக்கிறது என்று கேட்டால் திணறும். பத்து நேர்காணல் எடுத்துப் பேச்சுகளை வெட்டி ஒட்டுவதை ஊடாட்ட ஆய்வு என்று சொல்லவும் முடியாது. பல மாதம் ஓர் இடத்தில் இருக்க வாய்ப்பு இருந்தால், தினமும் குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் எடுங்கள்.

இந்த நால்வருக்கும் வெளியே போக வேண்டிய கேள்விகளும் உண்டு. இனப் பாகுபாடு பற்றி ஆராய்கிறவர் டு பாய்ஸிடம் நேராகப் போகலாம். ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் கறுப்பின மக்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டு, 1899இலேயே ஆய்வை வெளியிட்டவர். தற்கொலை ஆய்வுக்கு இரண்டே ஆண்டு பின்னால் வந்தது, ஆனாலும் நீண்ட காலம் பாடத்திட்டங்களில் அவர் பெயரே இல்லை, அது இந்தத் துறைக்கே வெட்கக்கேடு. பெண்கள் வீட்டில் செய்யும் வேலை பற்றியது என்றால், ஆன் ஓக்லி 1974இல் வெளியிட்ட ஆய்வுக்காக லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் நேர்காணல் எடுத்து, வீட்டுவேலையையும் ஒரு வேலையாகவே எடுத்து, நேரம், சலிப்பு, திருப்தி என்று மற்ற தொழில்களைக் கேட்பது போலவே கேட்டார். பள்ளியை விட்ட பெண்பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு என்றால் மார்க்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு இங்கே வர வேண்டியதில்லை.

இரண்டைச் சேர்க்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். சேர்க்கலாம், பால் வில்லிஸ் மாதிரி செய்ய முடிந்தால். இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில் 12 பையன்களோடு இருந்து, வகுப்பில் அவர்கள் அடித்த கூத்தையும் ஆசிரியரை மதிக்காததையும் ஒழுங்காகப் படிக்கிறவர்களைக் கேலி செய்ததையும் எழுதி, பிறகு அவர்கள் வேலைக்குப் போன முதல் மாதங்களிலும் கூடவே போனார். 1977இல் நூல் வந்தது. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, பள்ளியை எதிர்த்து அவர்களே உருவாக்கிக்கொண்ட அந்தப் பண்பாடுதான் உடலுழைப்பு வேலைக்கு அவர்களை விருப்பத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது அவர் கண்டது. கேள்வி மார்க்ஸிடமிருந்து வந்தது, பார்த்த விதம் களத்தில் கூடவே இருந்து பார்த்த விதம். இரண்டுக்கும் தனித்தனி வேலை இருந்ததால் ஒட்டிக்கொண்டன. ஆய்வேட்டில் மூன்று பார்வைக்கும் மூன்று பத்தி எழுதி 'இவ்வாய்வு இம்மூன்றையும் பயன்படுத்துகிறது' என்று முடிப்பது இந்த வகையில் சேராது.

தேர்ந்தெடுத்த பிறகு எங்கே படிக்கத் தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துர்கைம் என்றால் தற்கொலை நூலின் இரண்டாம் பகுதி, முதல் பகுதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மார்க்ஸ் என்றால் சரக்கு பற்றிய முதல் அத்தியாயத்தில் மாட்டிக்கொள்ளாமல் வேலைநாள் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். வெபர் என்றால் வர்க்கம், அந்தஸ்து, கட்சி பற்றிய சில பக்கங்கள், பிறகு அலுவலக ஆட்சிமுறை. ஊடாட்டம் என்றால் புளூமரின் விளக்கங்களுக்கு முன்னால் பெக்கரின் அந்தச் சிறிய கட்டுரை, அதையும் களத்துக்குப் போவதற்கு முன்பே, ஏனென்றால் படிக்காமல் போனால் முதல் வாரத்தில் ஆசிரியர்கள் சொல்வதை எல்லாம் வெறும் புகார் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டுவிடுவீர்கள்.